வில்லன் எப்படி நல்லவர் ஆகிறார்? நடிகர் பிரானை வைத்து ஓர் எளிய விளக்கம்

இந்தி சினிமாப் பேச்சில் பிரானின் பெயர் வந்தால் கூடவே ஒரு வாக்கியமும் வரும்: “1967இல் ‘உப்கார்’ வந்தது, வில்லன் பிரான் நல்லவராக மாறிவிட்டார்.” கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதே 1967இல் வெளிவந்த ‘ராம் அவுர் ஷ்யாம்’ படத்தில் அதே பிரான் கையில் சாட்டையோடு மைத்துனன் திலீப் குமாரை அடித்து நொறுக்குகிறார். ஒரே ஆண்டு, ஒரே நடிகர். ஒரு படத்தில் ஊரே மதிக்கும் மலங் சாச்சா, இன்னொன்றில் ஊரே வெறுக்கும் கஜேந்திரா. ஒரே படத்தில் மாறிவிட்டார் என்றால் இந்தச் சாட்டையை என்ன செய்வது?

நடிகர்கள் வேடம் மாறுவதைப் பற்றி நாம் பேசும் விதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. “திறமை இருந்தது, மாறினார்” என்போம். “அதிர்ஷ்டம் அடித்தது” என்போம். மாறாதவர்களைப் பற்றி “ஒரே மாதிரி நடிப்பவர்” என்று முடித்துவிடுவோம். திறமையும் அதிர்ஷ்டமும் இதில் உண்டுதான். ஆனால் ஒரு நடிகர் எந்த வேடத்தில் தோன்றுவார் என்பதை அவர் தனியாக முடிவு செய்வதில்லை. அந்த முடிவு எங்கே, யாரால், எந்தக் கணக்கில் எடுக்கப்படுகிறது என்பது தெரிந்தால் பிரானின் பயணம் இன்னும் பெரிதாகத் தெரியும். அவரைவிடத் தெளிவான உதாரணம் இந்தியில் எனக்குத் தெரியவில்லை.

இமேஜ் என்றால் என்ன?

ஓர் ஊரில் பரோட்டாவுக்குப் பேர்போன கடை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே போகிறவர்கள் “என்ன இருக்கு?” என்று கேட்பதில்லை. உட்கார்ந்ததும் இலை வரும், பரோட்டா வரும். கடைக்காரருக்கு நல்ல பொங்கலும் வைக்கத் தெரிந்திருக்கலாம். திடீரென்று ஒருநாள் பரோட்டாவை நிறுத்திவிட்டுப் பொங்கல் மட்டும் போட்டால், வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அதே கடைக்காரர் ஒருநாள் கொத்து பரோட்டா போடுகிறார், அப்புறம் முட்டை வீச்சு, அப்புறம் அதற்குத் தோதான ஒரு குழம்பு என்று போனால் யாரும் எழுந்து போகமாட்டார்கள். பழைய ருசியின் மேல் இருக்கும் நம்பிக்கையிலேயே புதியதையும் வாயில் வைத்துப் பார்ப்பார்கள்.

இமேஜ் என்பது இந்த நம்பிக்கைதான். ஒரு நடிகர் திரையில் நுழைந்ததும், அவர் வாய் திறப்பதற்கு முன்பே, “இவர் இப்படிப்பட்டவர்” என்று பார்ப்பவர் மனத்தில் தோன்றும் எண்ணம். அதைக் கட்டியவர் நடிகர் என்றாலும் அது இருக்கும் இடம் பார்ப்பவரின் மனம். அதனால்தான் நடிகர் நினைத்த மாத்திரத்தில் அதை மாற்ற முடிவதில்லை.

பிரான் விஷயத்தில் இந்த எண்ணம் எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது என்பதற்கு ஒரு சான்று பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. 1950, 60களில் வட இந்தியாவில் பிறந்த குழந்தைகளுக்குப் பிரான் என்று பெயர் வைக்கவே பெற்றோர் தயங்கினார்கள். அவரும் பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். திரையில் கண்டு வெறுத்த ஒருவரின் பெயர் வீட்டுத் தொட்டிலுக்கு வரக்கூடாது என்று மக்கள் நினைத்தார்கள். ஒரு வில்லனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. அதிலிருந்து வெளியே வர இதைவிடப் பெரிய தடையும் இல்லை.

முத்திரை ஏன் விழுகிறது?

ஒரே வகை வேடத்துக்கே ஒரு நடிகரைத் திரும்பத் திரும்ப அழைப்பதை ‘முத்திரை குத்துவது’ என்கிறோம். சோம்பேறித்தனத்தால் அப்படிச் செய்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு இரண்டு திடமான காரணங்கள் உண்டு.

முதல் காரணம் நேரம். அந்தக் காலத்து இந்திப் படம் மூன்று மணி நேரம் ஓடும். அதில் ஆறேழு பாட்டு, நகைச்சுவைக் கிளைக்கதை, அம்மா பாசம், சண்டை எல்லாம் உண்டு. வில்லன் எப்படி வில்லன் ஆனான் என்று விளக்க இடமே கிடையாது. பிரான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் போதும், அந்த விளக்கம் முடிந்துவிடும். 1949இல் வந்த ‘படீ பஹன்’ படத்தில் சிகரெட் புகையை வளையம் வளையமாக விட்டபடி வருவார். அந்தப் புகை வளையம் எழுத்தாளருக்கு நான்கு காட்சிகளை மிச்சப்படுத்தியது.

இரண்டாவது காரணம் பணம். இதுதான் வெளியில் தெரியாதது. அன்றைய இந்திப் படங்கள் ஏரியா ஏரியாவாக விற்கப்பட்டன. ஏரியா என்பது விநியோகத்துக்காக நாட்டைப் பிரித்துவைத்த பகுதி: பம்பாய், டெல்லி–உத்தரப் பிரதேசம், கிழக்குப் பஞ்சாப், வங்காளம், நிஜாம் என்று. ஒவ்வோர் ஏரியாவுக்கும் ஒரு விநியோகஸ்தர் இருப்பார். படம் முடியும் முன்பே, பல நேரம் படப்பிடிப்பு தொடங்கும் முன்பே, அவர் முன்பணம் கொடுத்து உரிமையை வாங்குவார். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளருக்கு இவ்வளவு தருகிறேன் என்று அவர் ஒப்புக்கொள்ளும் தொகைக்கு மினிமம் கேரண்டி என்று பெயர். அந்த நேரத்தில் அவர் பார்க்கப் படம் இல்லை. இருப்பது ஒரு பெயர்ப் பட்டியல்தான். நாயகன் திலீப் குமார், நாயகி மீனா குமாரி, வில்லன் பிரான். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விலை, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வாக்குறுதி. வில்லன் பிரான் என்றால் இரண்டாம் பாதி விறுவிறுப்பாக இருக்கும் என்று பொருள். அந்தப் பெயரை எடுத்துப் பாசக்கார அண்ணன் வேடத்துக்குப் போட்டால் அவர் எதை நம்பிப் பணம் போடுவார்?

ஆக, முத்திரையைப் பிடித்துவைத்திருக்கும் கைகள் மூன்று: பார்ப்பவர், விநியோகஸ்தர், எழுத்தாளர். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பிடியைத் தளர்த்தினால்தான் நடிகர் நகர முடியும்.

லாகூரிலிருந்து பம்பாய்க்கு

பிரான் கிருஷன் சிகந்த் 1920 பிப்ரவரி 12இல் பழைய டெல்லியின் பல்லிமாரான் பகுதியில் பிறந்தவர். படிப்பை விட்டுப் புகைப்படத் தொழில் கற்றுக்கொண்டவர். லாகூரில் ஒரு பீடாக் கடை வாசலில் நின்ற அவரைப் பார்த்த எழுத்தாளர் வலி முகமது வலி, அந்த முகத்துக்காகவே சினிமாவுக்கு அழைத்தார். 1940இல் ‘யம்லா ஜட்’ என்ற பஞ்சாபிப் படம். அதில் வில்லன்.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று: பிரான் நாயகனாகவும் இருந்தவர். 1942இல் வந்த ‘கான்தான்’ படத்தில் நூர்ஜஹானுக்கு ஜோடி. படம் பெரிய வெற்றி. நாயகனாகவே தொடர்ந்திருக்கலாம். ஆனால் மரத்தைச் சுற்றி ஓடிப் பாடுவது தனக்கு ஒட்டவில்லை என்று பின்னாளில் சொன்னார்.

1947இல் பிரிவினை. மனைவி, கைக்குழந்தையோடு பம்பாய் வந்தவருக்கு மாதக்கணக்கில் வேலை இல்லை. லாகூரில் சம்பாதித்த பெயர் எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஓட்டல் வேலை பார்த்தார். எழுத்தாளர் சாதத் ஹசன் மண்ட்டோவும் நடிகர் ஷியாமும் உதவ, பம்பாய் டாக்கீஸின் ‘ஜித்தி’ (1948) கிடைத்தது. நாயகன் தேவ் ஆனந்த். பிரானுக்கு வில்லன் வேடம். அங்கிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஒரே திசையில் ஓட்டம். ‘மதுமதி’யில் (1958) வைஜயந்திமாலாவின் சாவுக்குக் காரணமாகும் ஜமீன்தார் உக்ரநாராயண். ‘ஹலாக்கு’வில் (1956) தலைப்பு வேடமே அவர்தான். கோவை பட்சிராஜாவின் ‘மலைக்கள்ளன்’ (1954) இந்திக்குப் போய் ‘ஆசாத்’ (1955) ஆனபோது, அங்கும் திலீப் குமாருக்கு எதிரே பிரான்.

தமிழ் வாசகர்களுக்கு அவருடைய அன்றைய இடத்தைச் சொல்ல ஒரு நேர்வழி இருக்கிறது. ‘ராம் அவுர் ஷ்யாம்’ என்பது தெலுங்கு ‘ராமுடு பீமுடு’வின் இந்தி வடிவம். அதன் தமிழ் வடிவம் ‘எங்க வீட்டுப் பிள்ளை’. தமிழில் எம்.ஜி.ஆரைச் சாட்டையால் அடித்த நம்பியாரின் வேடம்தான் இந்தியில் பிரானுக்கு.

இதுவரை பார்த்தது: நாயகனாக முடிந்தவர், வில்லனாக இருக்க விரும்பினார். பிரிவினையில் எல்லாம் போய், பூஜ்யத்திலிருந்து கட்டிய இமேஜ் அது. இருபது ஆண்டுகள் மூன்று கைகளும் அதை இறுகப் பிடித்திருந்தன.

கழுத்தைச் சுற்றும் விரல்

மாற்றம் 1967க்கு முன்பே தொடங்கிவிட்டது. அதற்கான அடையாளம் வில்லன் வேடங்களுக்குள்ளேயே இருக்கிறது.

ராஜ் கபூர் தயாரித்த ‘ஜிஸ் தேஷ் மே கங்கா பெஹ்தி ஹை’ (1960) படத்தில் பிரான், ராக்கா என்னும் கொள்ளைக்காரர். மிரட்டும்போதும் சும்மா நிற்கும்போதும் ராக்காவின் கை அடிக்கடி கழுத்துக்குப் போகும். சட்டைக் காலருக்குள் விரலை விட்டுக் கழுத்தைச் சுற்றி ஒரு தடவு தடவுவார். யாரும் அதை விளக்குவதில்லை. கொஞ்ச நேரத்தில் நமக்கே புரிந்துவிடும். இந்த மனிதன் என்றைக்கோ தன் கழுத்தில் விழப்போகும் தூக்குக் கயிற்றை இப்போதே உணர்ந்துகொண்டிருக்கிறான். ஒரு பாத்திரத்துக்கென்று நடிகர் கண்டுபிடிக்கும் இப்படிப்பட்ட பழக்கச் சைகையை மேனரிசம் என்கிறோம். வெறும் அலங்காரமாக மேனரிசம் செய்பவர்கள் ஏராளம். பிரானின் விரல், பயமுறுத்துகிறவனுக்குள் இருக்கும் பயத்தைக் காட்டியது. வில்லனுக்குள் ஒரு மனிதன் இருக்கிறான் என்று பார்ப்பவர் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்தச் சந்தேகத்தை விதைத்தது அந்த விரல். வசனத்தில் அது இல்லை.

1962இல் ‘ஹாஃப் டிக்கெட்’ வந்தது. அதில் கிஷோர் குமாரைத் துரத்திக்கொண்டு ஓடும் பிரானைப் பார்த்து அரங்கம் சிரித்தது. பயந்த மக்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கவும் பழகினார்கள்.

1965இல் பகத் சிங்கின் கதையைச் சொன்ன ‘ஷஹீத்’. மனோஜ் குமார் பகத் சிங். சிறையில் அவரைச் சந்திக்கும் கேஹர் சிங் என்ற கொள்ளைக்காரராகப் பிரான். இன்னும் கொள்ளைக்காரர்தான், இன்னும் மீசையும் முறைப்பும்தான். ஆனால் இந்த முறை பார்ப்பவரின் மனம் அவர் பக்கம் சாய்கிறது. ராக்காவிலிருந்து கேஹர் சிங்குக்கு ஓர் அடி தூரம்தான். அந்த ஓர் அடி மிக முக்கியமானது.

‘உப்கார்’: ஆபத்தை யார் சுமந்தது?

‘ஷஹீத்’ படத்தைப் பார்த்த பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, தன் ‘ஜெய் ஜவான் ஜெய் கிசான்’ முழக்கத்தை வைத்துப் படம் எடுக்கும்படி மனோஜ் குமாரிடம் சொன்னார். அப்படிப் பிறந்த ‘உப்கார்’தான் மனோஜ் குமார் இயக்கிய முதல் படம். அதில் பிரானுக்கு மலங் சாச்சா வேடம். ஊன்றுகோல் ஊன்றி நடக்கும் மனிதர். உலகத்தின் மேல் நம்பிக்கை போனவர். பேச்செல்லாம் கசப்பு, மனசெல்லாம் ஈரம்.

மூன்று கைகளை வைத்து இதைப் பாருங்கள். எழுத்தாளரின் கையை இங்கே மனோஜ் குமாரே வைத்திருந்தார். கதை, இயக்கம் இரண்டும் அவர். விநியோகஸ்தரின் கை? படத்தை வாங்கியவர்கள் நம்பியது நாயகன் மனோஜ் குமாரின் பெயரை. அந்தப் பெயர் அப்படியே இருந்தது. வில்லனுக்கான இடமும் காலியாக விடப்படவில்லை. தம்பி வேடத்தில் பிரேம் சோப்ரா அதை நிரப்பினார். வாங்கியவருக்கு எந்தச் சரக்கும் குறையவில்லை, பிரான் கூடுதல் வரவு. நாயகனே இயக்குநராக இருந்ததால் ஒரு பெரிய வில்லனை இடம் மாற்றி வைக்கும் ஆபத்தைச் சுமக்க ஒரு தோள் கிடைத்தது. இதே யோசனையோடு பெயர் இல்லாத புது இயக்குநர் ஒருவர் போயிருந்தால் முதல் ஏரியாவிலேயே பேச்சு நின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

மீதி இருந்தது பார்ப்பவரின் கை. மலங் சாச்சா இனிப்பாகப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் கடுகடுப்பு, அந்தக் கண், அந்தக் குரல் எல்லாம் பழைய பிரானுடையவைதான். திசை மட்டும் வேறு. சிரித்த முகமும் கூப்பிய கையுமாக ஒரு கிராமத்துப் பெரியவராக அவரை நிறுத்தியிருந்தால் மக்கள் இடைவேளை வரை “எப்போது குத்தப்போகிறான்” என்று காத்திருப்பார்கள். கசப்பான நல்லவராக வந்ததால் நம்பினார்கள். அந்த வேடத்துக்குச் சிறந்த துணை நடிகருக்கான பிலிம்பேர் விருதும் கிடைத்தது.

பாட்டு யாருக்குக் கிடைக்கிறது?

‘உப்கார்’ பற்றிய பேச்சில் அடிக்கடி தவறிப்போவது பாட்டு. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இந்தி சினிமாவில், நம் சினிமாவிலும்தான், பாட்டு என்பது ஒரு தகுதிச் சான்று. யார் தன் மனத்தைப் பாட்டில் திறக்கிறாரோ அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். நாயகன் பாடுவான், நாயகி பாடுவாள், அம்மா பாடுவாள், பிச்சைக்காரர் பாடுவார். வில்லன் பாட்டைக் கேட்டுக்கொண்டு மது அருந்துவான். அவன் பாடினால் அது கேலிக்காகத்தான் இருக்கும். ‘ஹாஃப் டிக்கெட்’டில் பெண் வேடமிட்ட கிஷோர் குமாரோடு பிரான் ஆடும் பாட்டு அந்த வகை.

‘உப்கா’ரில் மலங் சாச்சாவுக்கு ஒரு முழுப் பாட்டு. இந்தீவரின் வரிகள், கல்யாண்ஜி–ஆனந்த்ஜி இசை, மன்னா டேயின் குரல். சத்தியம், வாக்குறுதி, காதல், விசுவாசம் எல்லாம் வெறும் வார்த்தைகள், அவற்றை நம்பி என்ன பயன் என்று விரக்தியோடு போகும் பாட்டு. வில்லனின் உதட்டுக்கு இப்படியொரு பாட்டா என்று அன்று தயக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். தயங்கியதில் வியப்பில்லை. ஆனால் அந்த வரிகளை ஒரு பால்வடியும் முகத்தில் வைத்துப் பாருங்கள், பொருந்தாது. உலகத்தின் கெட்ட பக்கத்தை நேரில் பார்த்தவர் சொன்னால்தான் அது எடுபடும். இருபது ஆண்டுகள் அந்தக் கெட்ட பக்கமாகவே திரையில் நின்றவரைவிடப் பொருத்தமானவர் யார்? பிரானின் பழைய இமேஜ் அந்தப் பாட்டுக்குக் குறுக்கே நிற்கவில்லை, அதைத் தாங்கி நின்றது.

அதன் பிறகு பிரானுக்குப் பாட்டுகள் வரிசை கட்டின. ‘விக்டோரியா நம்பர் 203’இல் (1972) அசோக் குமாரோடு சேர்ந்து, சிறையிலிருந்து வெளியே வந்த இரண்டு கிழட்டுத் திருடர்களாகப் பாடினார். ‘கசௌட்டி’யில் (1974) நேபாளிக் காவலாளியாகப் பாடினார். ‘மஜ்பூ’ரில் (1974) மைக்கேல் என்ற திருடனாகப் பாடினார். ஒரு நடிகரின் இடம் மாறிவிட்டதா என்று அறிய, அவருக்குப் பாட்டு கொடுக்கிறார்களா என்று பார்த்தாலே போதும்.

சுருக்கம்: படிப்படியான தயாரிப்பு (ராக்கா, கேஹர் சிங்), ஆபத்தைச் சுமக்க ஒரு தோள் (மனோஜ் குமார்), பழைய இமேஜைத் தூக்கி எறியாமல் பயன்படுத்திய ஒரு வேடம் (மலங் சாச்சா). இவை மூன்றும் கூடிய இடம் ‘உப்கார்’. மூன்றும் கூடாத ‘ராம் அவுர் ஷ்யா’மில் அதே ஆண்டு சாட்டை அவர் கையிலேயே இருந்தது.

‘ஜஞ்சீர்’: கணக்கு தலைகீழானது

1973 மே மாதம் வெளியான ‘ஜஞ்சீர்’ இன்று அமிதாப் பச்சனின் படமாக நினைவில் நிற்கிறது. எடுக்கப்பட்டபோது நிலைமை வேறு. சலீம்–ஜாவேத் எழுதிய அந்தக் கதையைச் சில முன்னணி நாயகர்கள் வேண்டாம் என்று விட்டார்கள். அமிதாபுக்கோ அடுக்கடுக்காகத் தோல்விகள். ஏரியாவை வாங்க வருபவர் பட்டியலைப் பார்த்தால் நம்பிப் பணம் போடக்கூடிய பெயராக அதில் இருந்தது பிரான். சம்பளத்திலும் நாயகனைவிட அவருக்கே அதிகம் என்று சொல்வார்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் மனோஜ் குமாரின் பெயர் பிரானின் ஆபத்தைச் சுமந்தது. இப்போது பிரானின் பெயர் ஒரு புது நாயகனின் ஆபத்தைச் சுமக்கிறது. இமேஜ் மாற்றம் முழுமை அடைந்ததற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

வேடமும் அப்படி. ஷேர் கான் ஒரு பட்டாணியர், சூதாட்ட விடுதி நடத்துபவர். செம்பட்டை முடி, செம்பட்டைத் தாடி. காவல் நிலையத்துக்கு வந்து நாற்காலியில் உட்காரப் போகிறார். இன்ஸ்பெக்டர் விஜய் அந்த நாற்காலியை எட்டி உதைக்கிறார். அந்தக் கணத்தில் அரங்கம் மூச்சைப் பிடித்ததற்குக் காரணம் அமிதாபின் கால் மட்டுமல்ல. நிற்பவர் பிரான். இருபத்தைந்து ஆண்டுகளாக யாரும் அவர் முன்னால் நாற்காலியை உதைத்ததில்லை. பிரானின் முகம் அப்போது கோபத்தோடு கூடவே ஒரு வியப்பையும் காட்டுகிறது, “யார் இந்தப் பையன்?” என்பதுபோல. பார்ப்பவர் மனத்திலும் அதே கேள்வி. அமிதாப் பெரியவர் ஆனது அந்த முகத்தில்தான். பிறகு இருவரும் மோதி, நண்பர்களாகி, ஷேர் கான் தொழிலை விட்டுவிட்டு நட்பைப் பாடுகிறார். மறுபடியும் மன்னா டே.

இந்த வேடத்தின் எடையை அறிய ஒரு தமிழ்ச் சான்று உண்டு. ‘ஜஞ்சீர்’ தமிழில் ‘சிரித்து வாழ வேண்டும்’ (1974) ஆனபோது எம்.ஜி.ஆர். இன்ஸ்பெக்டர் வேடத்தோடு நிற்கவில்லை. ஷேர் கானுக்கு இணையான அப்துல் ரஹ்மான் வேடத்தையும் அவரே ஏற்றார். ‘மஜ்பூர்’ தமிழில் ‘நான் வாழவைப்பேன்’ (1979) ஆனபோது சிவாஜி நாயகன், பிரானின் மைக்கேல் வேடம் ரஜினிகாந்துக்கு. துணை வேடம் என்று ஒதுக்கக்கூடியவையாக இவை இருந்திருந்தால் அந்த இருவரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

குணச்சித்திர நடிகர் என்பவர் யார்?

நாயகனும் வில்லனும் அல்லாமல், கதையில் தனக்கென்று எடையுள்ள ஒரு மனிதராக வருபவர் குணச்சித்திர நடிகர். வாய்ப்பு குறைந்த நாயகர்கள் கடைசியில் வந்து ஒதுங்கும் இடம் அது என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. பிரானின் கணக்கில் அது நேர் எதிர். வில்லனாக இருந்ததைவிடக் குணச்சித்திர நடிகராக அவர் மதிப்பு உயர்ந்தது.

வயதும் இதில் சேர்ந்துகொண்டது. 1967இல் பிரானுக்கு 47. அவர் எதிர்த்து நின்ற திலீப் குமாரும் ராஜ் கபூரும் தேவ் ஆனந்தும் நாற்பதைத் தாண்டியவர்கள். அடுத்து வந்த ராஜேஷ் கன்னாவும் அமிதாபும் 1942இல் பிறந்தவர்கள். அவர்களுக்கு எதிரியாக ரஞ்சித், அம்ஜத் கான் போன்றவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பிரான் வில்லனாகவே நின்றிருந்தால் இந்தத் தலைமுறை மாற்றம் அவரைத் தள்ளிவிட்டிருக்கும். ‘பாபி’யில் (1973) பணக்கார அப்பா, ‘அமர் அக்பர் அந்தோணி’யில் (1977) மூன்று மகன்களைத் தொலைத்த அப்பா, ‘டா’னில் (1978) பழிவாங்கத் துடிக்கும் ஜஸ்ஜித், ‘காலியா’வில் (1981) சிறை அதிகாரி என்று அவர் நாயகனின் பக்கத்திலேயே இருந்தார். ‘மேரா நாம் ஜோக்கர்’ தோல்விக்குப் பின் கடனில் இருந்த ராஜ் கபூருக்காக ‘பாபி’யை ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டார் என்பது பம்பாயில் எல்லோரும் சொல்லும் கதை.

அந்த மதிப்பு எங்கே எழுதப்பட்டது என்று கேட்டால், டைட்டில் கார்டில். படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்ப் பட்டியல் அது. நாயகன், நாயகி, மற்றவர்கள் என்று எல்லாப் பெயர்களும் போன பிறகு, கடைசியாகத் தனியாக ஓர் அட்டை வரும்: ‘அண்ட் பிரான்’. பட்டியலில் கடைசி என்பதால் சின்ன இடம் என்று நினைத்துவிடக் கூடாது. கூட்டத்தில் கலக்காமல் தனியே நிறுத்தும் மரியாதை அது. அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலுக்கே அந்தச் சொற்கள்தான் தலைப்பு.

அந்த மரியாதையை அவர் எப்படி நடத்தினார் என்பதற்கு 1973இல் நடந்த ஒன்று போதும். ‘பே-இமான்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் விருது கிடைத்தது. அதே படத்துக்கே இசை விருதும் போனது. ‘பாகீசா’வுக்கு இசையமைத்த குலாம் முகமது அப்போது உயிரோடு இல்லை. அவருக்குத்தான் அந்த விருது போயிருக்க வேண்டும் என்று சொல்லித் தன் விருதைப் பிரான் ஏற்க மறுத்துவிட்டார். தனக்குக் கிடைத்ததை இன்னொருவருக்காக விட்டார். அந்த இன்னொருவர் நன்றி சொல்லக்கூட இல்லாத இடத்தில் இருந்தவர்.

புதிய முத்திரை

கடைசியாக ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாற்றம் ஒருமுறை நடந்து முடிவதில்லை. எண்பதுகளில் கண்டிப்பான அப்பா, நேர்மையான அதிகாரி, பொன்மனத் தாதா என்பதே பிரானின் புதிய முத்திரை ஆகிவிட்டது. அதில் நல்லவையும் உண்டு, ‘ஷராபி’யின் (1984) அப்பாவைப்போல. அரைத்த மாவையே அரைத்தவையும் நிறைய. மூன்று கைகளும் மறுபடி இறுகிவிட்டன. 350க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் எல்லாவற்றிலும் புதிதாக இருக்க முடியாது என்பதும் உண்மைதான்.

பிரான் போட்ட பாதை மற்றவர்களுக்கும் பயன்பட்டது. ‘மிஸ்டர் இந்தியா’வில் (1987) மொகாம்போவாகக் குழந்தைகளைப் பயமுறுத்திய அம்ரீஷ் பூரி, ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’வில் (1995) நாயகியின் அப்பா ஆனார். அந்த அப்பாவைப் பார்த்து நாயகனோடு நாமும் நடுங்கியதற்குக் காரணம் மொகாம்போ. முடிவில் அவர் மகளின் கையை விடும்போது நெகிழ்ந்ததற்கும் அதே மொகாம்போதான் காரணம்.

பிரானுக்கு 2001இல் பத்ம பூஷண், 2012ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது கிடைத்தன. 2013 ஜூலை 12இல் மும்பையில் காலமானார்.

அவரைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் ‘உப்கா’ரிலிருந்து தொடங்க வேண்டாம். ‘மதுமதி’, ‘ஜிஸ் தேஷ் மே கங்கா பெஹ்தி ஹை’, ‘ஷஹீத்’, ‘ராம் அவுர் ஷ்யாம்’, பிறகு ‘உப்கார்’, ‘ஜஞ்சீர்’, ‘மஜ்பூர்’ என்ற வரிசையில் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மற்றவர்கள் பேசும்போது பிரான் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். தனக்கு வசனம் இல்லாத நேரத்தில்தான் அவர் அதிகம் வேலை செய்திருக்கிறார்.